புதுப்பிப்பு: கோப்ரா நகல், 289 வகையே முடிவு

1960களின் ஸ்போர்ட்ஸ் காரான ஏசி கோப்ராவின் நகலை 289 வகையாகக் கட்டுவதா, 427 வகையாகக் கட்டுவதா (இவை கன அங்குலத்தில் எஞ்சினின் கொள்ளளவைக் குறிக்கும் எண்கள்) என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். 289 என முடிவு செய்துவிட்டேன். 1965இல் வந்த 427, பெரிய எஞ்சின் பொருத்திய பழைய கார் அன்று: சேசிஸின் (காரின் அடிச்சட்டத்தின்) முதன்மைக் குழாய்கள் 3 அங்குலத்திலிருந்து 4 அங்குல விட்டத்திற்கு மாறின, குறுக்கே அமைந்த லீஃப் ஸ்பிரிங்குகளுக்கு (பட்டை வில்களுக்கு) பதிலாகக் காயில் ஸ்பிரிங்குகள் (சுருள் வில்கள்) வந்தன, சக்கர வளைவுகளும் நன்றாக அகன்றுவிட்டன. சந்தையில் கிடைக்கும் ஃபைபர் கிளாஸ் உடல்களில் பல இந்த அகன்ற வடிவத்தையே பின்பற்றுவதால், அவற்றில் கம்பிச் சக்கரங்களை மாட்டுவதால் மட்டும் 289 உருவாகிவிடாது. ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங்கும் (பற்சட்டமும் பற்சக்கரமும் கொண்டு சக்கரங்களைத் திருப்பும் அமைப்பு) 1962இன் முதல் கார்களில் இல்லை, 1963இல்தான் வந்தது என்பதால், என் நகலுக்கான ஆண்டை 1964 என வைத்துக்கொண்டேன். 427ஐத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு செய்தி: அப்பெயரில் விற்கப்பட்ட சாலைக் கார்கள் பலவற்றில் இருந்தது 428 எஞ்சின்.