ஆண்ட்ராய்டு 15-க்குப் பிறகு நினைவூட்டல் தாமதம், அறிவிப்பு இல்லை, பழைய ஆப் ஏறவில்லை – உதவி தேவை

பெட்டிச்சாவி:

வணக்கம். ஆண்ட்ராய்டு 12-ல் இருந்த ஃபோன், படிப்படியாக அப்டேட் ஆகி இப்போது 15-ல் நிற்கிறது. கம்பெனி வேலைப்பாடு அதிகம் இல்லாத, கிட்டத்தட்ட ஸ்டாக் ஆண்ட்ராய்டு. அப்டேட் முடிந்ததும் பேட்டரி வேகமாக இறங்கியதால் ஃபேக்டரி ரீசெட் செய்து, கூகுள் பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றியாயிற்று. தொல்லை குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது.

மாத்திரை நினைவூட்டும் ஆப் காலை 8 மணிக்கு அடிக்க வேண்டியது, 8.20, 8.40 என்று அதன் இஷ்டத்துக்கு அடிக்கிறது. முன்பு திரை முழுக்க வரும். இப்போது மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. வேறு சில ஆப்களிலிருந்து அறிவிப்பே வருவதில்லை.

2014-ல் வெளியான ஒரு அகராதி ஆப்பின் ஏபிகே ஃபைல் (ஆப்பை நிறுவும் ஃபைல்) கையில் இருக்கிறது. இதற்கு முன்பு வைத்திருந்த ஃபோனில் நன்றாக ஓடியது. இதில் நிறுவப் போனால், புதிய ஆண்ட்ராய்டுக்குப் பொருந்தாது என்று மறுக்கிறது.

வால்யூம் பட்டனுக்கு வேறு வேலை கொடுக்கும் ஆப் ஒன்றை ஏபிகேயாக ஏற்றியிருக்கிறேன். அதற்கு அக்சஸிபிலிட்டி கொடுக்கப் போனால் சுவிட்ச் மங்கிக் கிடக்கிறது, தொட்டால் நகரவில்லை.

ஃபைல் மேனேஜரில் ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் இருக்கும் டேட்டா ஃபோல்டர் திறப்பதில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் அணைக்கும் மெனுவுக்குப் பதில் அசிஸ்டென்ட் வருகிறது. பேட்டரி இன்னும் அதே கதை.

இதெல்லாம் பக் தானா? பேசாமல் 12-க்கே திரும்பிவிடலாமா?

வேப்பங்காய்:

திரும்ப முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கீழிறங்க, ஃபோன் தொடங்கும்போது சிஸ்டத்தை ஏற்றும் பூட்லோடரைத் திறக்கணும். திறக்கும்போதே ஃபோனில் இருக்கும் டேட்டா எல்லாம் அழியும். பல ஃபோன்களில் பழைய பதிப்பை ஏற்க விடாத ஆன்டி ரோல்பேக் பூட்டும் உண்டு. அதை மீறிப் பழைய சிஸ்டத்தை ஃபிளாஷ் செய்தால் (நேரடியாக எழுதினால்) ஃபோன் எழுந்திருக்காமலே போகலாம். அப்படியே இறங்கினாலும் பூட்லோடர் திறந்த ஃபோனில் வங்கி ஆப்கள் முரண்டு பிடிக்கும். பவர் பட்டனுக்காக இவ்வளவு பாடு வேண்டாம்.

திருகாணி:

பெட்டிச்சாவி, நீங்கள் சொன்னதில் பக் என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. பெரும்பாலும் அனுமதி விதிகள் மாறியதன் விளைவு. தொல்லை கூடியதற்குக் காரணம் அப்டேட்டை விட அந்த ரீசெட்தான்.

ஏற்கெனவே ஃபோனில் இருந்த ஆப்களுக்குப் பழைய சலுகைகள் அப்டேட்டின்போது கூடவே வரும். ரீசெட் செய்து பேக்கப்பிலிருந்து ஏற்றினால், சிஸ்டம் அவற்றைப் புதிதாக வந்த ஆப்களாகத்தான் பார்க்கும். 15-ன் கண்டிப்பு முழுவதும் அப்போது அவற்றின் மேல் விழும்.

முதலில் நினைவூட்டல். குறித்த நிமிடத்தில் அடிக்க ஆப்புக்குத் தனி அனுமதி வேண்டும் என்பது ஆண்ட்ராய்டு 12-ல் வந்தது. 13 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பை டார்கெட் செய்து (அதன் விதிகளுக்கென்றே) எழுதிய ஆப்களைப் புதிதாக நிறுவினால், 14 முதல் இந்த அனுமதி இயல்பாகவே மறுக்கப்பட்டிருக்கும். பேக்கப்பிலிருந்து வந்தாலும் அப்படித்தான். அனுமதி இல்லாத ஆப் கேட்கும் அலாரத்தை சிஸ்டம் மற்ற ஆப்களின் வேலைகளோடு சேர்த்து, ஏறக்குறைய ஒரு மணி நேர இடைவெளிக்குள் தனக்கு வசதியான நேரத்தில் அடிக்கும். உங்கள் 8.20, 8.40 அதுதான். ஃபோன் அசையாமல் தூக்கத்தில் இருந்தால் இன்னும் தள்ளிப்போகும்.

செட்டிங்ஸ் > ஆப்ஸ் > ஸ்பெஷல் ஆப் அக்சஸ் > அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ். அங்கே அந்த ஆப்பை ஆன் செய்யுங்கள். பிறகு ஆப்பை ஒரு தடவை திறந்து, நினைவூட்டலை மறுபடி சேமித்துவிடுங்கள். அனுமதி கிடைத்த தகவலை சிஸ்டம் ஆப்புக்குச் சொல்லும். ஆனால் அதைக் கேட்டு அலாரங்களைத் தானாகத் திரும்பப் போடும் அளவுக்கு எல்லா ஆப்பும் ஒழுங்காக எழுதப்பட்டிருக்காது.

முழுத்திரை விஷயம் வேறு சுவிட்ச். அழைப்பு அல்லது அலாரம்தான் முக்கிய வேலை என்று இருக்கும் ஆப்களுக்கு மட்டுமே 14 முதல் அது தானாகக் கிடைக்கும். மாத்திரை ஆப் அந்த வகையில் சேராமல் போயிருக்கும். அதே ஸ்பெஷல் ஆப் அக்சஸ் பட்டியலில் ஃபுல் ஸ்கிரீன் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று இருக்கும். அதையும் ஆன் செய்யுங்கள். இவ்வளவு தூரம் புதைத்து வைத்ததுதான் என் வருத்தம். மருந்து ஆப்புக்கு இதை யார் தேடிப் போய்ப் போடுவார்கள்?

அறிவிப்பே வராத ஆப்களுக்கு: 13 முதல் புதிதாக நிறுவும் ஆப்புக்கு அறிவிப்பு அணைந்த நிலையில்தான் தொடங்கும். ஆப் கேட்டு நாம் சம்மதித்தால்தான் வரும். இரண்டு தடவை மறுத்தால் மறுபடி கேட்காது. ஆப்ஸ் > அந்த ஆப் > நோட்டிஃபிகேஷன்ஸ் போய்ப் பாருங்கள். அந்த ஆப்பின் தகவல் பக்கத்திலேயே, பயன்படுத்தாத ஆப்பின் செயல்பாட்டை நிறுத்தும் சுவிட்ச் கீழே தெரியும். மாதக்கணக்கில் திறக்காத ஆப்பின் அனுமதிகளைப் பறித்து அறிவிப்பையும் நிறுத்துவது அதுதான். அவசர உதவி ஆப், காப்பீட்டு ஆப் மாதிரி எப்போதாவது மட்டும் திறப்பவற்றுக்கு அதை ஆஃப் செய்து வையுங்கள்.

அரைநிலா:

ஒரு சேர்க்கை. மாத்திரை ஆப்பை ஃபோர்ஸ் ஸ்டாப் செய்யவே செய்யாதீர்கள். அப்படி நிறுத்தப்பட்ட ஆப் காத்திருக்க வைத்த வேலைகள் அத்தனையும் 15-ல் ரத்தாகிவிடும், விட்ஜெட்டும் செயலிழந்து நிற்கும். நாமே ஆப்பைத் திறக்கும் வரை அலாரம் அடிக்காது. பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று எல்லா ஆப்பையும் ஃபோர்ஸ் ஸ்டாப் செய்யும் கிளீனர் ஆப் ஏதாவது இருந்தால் முதலில் அதைத் தூக்குங்கள்.

மாத்திரை ஆப்பின் பேட்டரி அமைப்பையும் பாருங்கள். ஆப் தகவல் பக்கத்தில் ஆப் பேட்டரி யூசேஜ் > அலோ பேக்ரவுண்ட் யூசேஜ். சுவிட்சை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். அந்த எழுத்தைத் தொட்டால்தான் உள்ளே அன்ரிஸ்ட்ரிக்டெட், ஆப்டிமைஸ்டு இரண்டும் தெரியும். இந்த ஒரு ஆப்புக்கு அன்ரிஸ்ட்ரிக்டெட் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் கொடுத்தால் பேட்டரி போச்சு.

வேப்பங்காய்:

பவர் பட்டன்: செட்டிங்ஸ் > சிஸ்டம் > ஜெஸ்சர்ஸ் > பிரஸ் அண்ட் ஹோல்ட் பவர் பட்டன். பவர் மெனு என்று மாற்றவும். மாற்றாவிட்டாலும் பவரும் வால்யூம் அப்பும் சேர்த்து அழுத்தினால் மெனு வரும்.

அகராதி ஆப்: 14 முதல், ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தைய பதிப்பை டார்கெட் செய்த ஆப்களைப் புதிதாக நிறுவ விடுவதில்லை. ஏற்கெனவே இருந்தவை தப்பித்தன. உங்களுடையது இந்த ஃபோனில் புதிதாக ஏறப் பார்க்கிறது.

திருகாணி:

14-ல் அந்த எல்லை 6. கேட்டவரிடம் இருப்பது 15, அதில் எல்லை 7 ஆக ஏறிவிட்டது. 2014 ஆப் எப்படிப் பார்த்தாலும் வெளியேதான்.

இந்தத் தடையை நான் குறை சொல்ல மாட்டேன். கேமரா, கான்டாக்ட்ஸ் எல்லாவற்றுக்கும் ஓடும்போது தனித்தனியாக அனுமதி கேட்கும் முறை 2015-ல் ஆண்ட்ராய்டு 6-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய பதிப்பை டார்கெட் செய்வதாகச் சொல்லிக்கொண்டால் நிறுவும்போதே எல்லா அனுமதியையும் மொத்தமாக வாங்கிவிடலாம். திருட்டு ஆப் எழுதுபவர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். அதை அடைக்கப் போட்ட கதவு இது.

ஏபிகே நம்பகமானது என்றால் வழி இருக்கிறது. ஃபோனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்து (செட்டிங்ஸ் > அபவுட் ஃபோன் > பில்டு நம்பரை 7 தடவை தட்டவும்), யூஎஸ்பி டீபக்கிங் ஆன் செய்து, கம்ப்யூட்டரில் ஏடிபி (கேபிள் வழியாக ஃபோனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக நிறுவுங்கள். டார்கெட் தடையைத் தாண்டச் சொல்லும் ஃபிளாக் (கூடுதல் குறிச்சொல்) ஒன்றை இன்ஸ்டால் கட்டளையோடு சேர்க்கணும். ஆண்ட்ராய்டு 14-க்கான டெவலப்பர் ஆவணத்தில் முழுக் கட்டளையும் அப்படியே இருக்கிறது. எடுத்து ஒட்டினால் போதும்.

அக்சஸிபிலிட்டி சுவிட்ச்: ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஏபிகேயாக வந்த ஆப்புக்கு அக்சஸிபிலிட்டியையும், அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதியையும் 13 பூட்டி வைத்தது. திரையில் இருப்பதைப் படிக்கவும் நமக்குப் பதிலாகத் தட்டவும் அக்சஸிபிலிட்டியால் முடியும் என்பதால், வங்கிக் கணக்கைக் குறிவைக்கும் ஆப்கள் முதலில் கேட்பது அதைத்தான். திறக்கும் வழி, இதே வரிசையில்: அந்த மங்கிய சுவிட்சை ஒரு தடவை தொடுங்கள். ரெஸ்ட்ரிக்டெட் செட்டிங் என்று பெட்டி வரும், மூடிவிடுங்கள். பிறகு ஆப்ஸ் > அந்த ஆப் > மேல் மூலையில் மூன்று புள்ளி > அலோ ரெஸ்ட்ரிக்டெட் செட்டிங்ஸ். பின் நம்பர் கேட்கும். திரும்பப் போனால் சுவிட்ச் நகரும். மூன்று புள்ளியே காணோம் என்று நிறையப் பேர் திணறுவது, முதல் தொடுதலைச் செய்யாமல் நேராக அங்கே போவதால்.

பெட்டிச்சாவி:

மிக்க நன்றி. நினைவூட்டல் சரியாக அடிக்கிறது, முழுத்திரையும் வருகிறது. வால்யூம் பட்டன் ஆப்பும் சரி. டேட்டா ஃபோல்டரும் பேட்டரியும் மிச்சம். கூடவே புதிதாக இரண்டு. ஆவணங்களை ஸ்கேன் செய்யும் ஆப்பில் பழைய படங்கள் சில மட்டும் தெரிகின்றன, இன்று எடுத்தது தெரியவே இல்லை. குரூப் சாட்டில் செய்திகள் வரிசையாக வரும்போது முதல் சத்தம் சரியாக இருக்கிறது, பிறகு தேய்ந்துபோகிறது. ஸ்பீக்கர் கோளாறா?

அரைநிலா:

ஸ்பீக்கரில் கோளாறு இல்லை. நோட்டிஃபிகேஷன் கூல்டவுன் என்ற வசதி. ஒரே ஆப்பிலிருந்து குறுகிய நேரத்தில் பல அறிவிப்புகள் வந்தால் சத்தத்தைத் தானாகக் குறைக்கும். அழைப்புக்கும் அலாரத்துக்கும் இது பொருந்தாது. செட்டிங்ஸ் > நோட்டிஃபிகேஷன்ஸ் உள்ளே அந்தப் பெயரிலேயே சுவிட்ச் இருக்கும், ஆஃப் செய்யலாம்.

படம்: ஸ்கேன் ஆப் முதலில் அனுமதி கேட்டபோது, தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் காட்டு என்பதைத் தொட்டிருப்பீர்கள். 14-ல் வந்த தெரிவு அது. அன்றைக்குத் தேர்ந்தெடுத்தவை மட்டும்தான் அந்த ஆப்பின் கண்ணுக்குத் தெரியும். பிறகு எடுக்கும் படங்கள் தானாகச் சேராது. ஆப் தகவல் > பெர்மிஷன்ஸ் > போட்டோஸ் அண்ட் வீடியோஸ் போய் எல்லாவற்றையும் அனுமதிக்கலாம். ஸ்கேன் ஆப்புக்கு அது தேவையா என்று மட்டும் யோசியுங்கள். கேமராவில் நேரடியாக ஸ்கேன் செய்வீர்கள் என்றால் படங்களின் அனுமதியே வேண்டாம்.

இதேபோல, மேப் உங்களை ஊரின் வேறு மூலையில் காட்டினால் லொகேஷன் அனுமதிக்குள் யூஸ் பிரிசைஸ் லொகேஷன் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். தோராய இடம் என்றால் சுமார் 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ ஒரு புள்ளி.

திருகாணி:

டேட்டா ஃபோல்டரை 11-லேயே பூட்டத் தொடங்கினார்கள். ஃபைல் மேனேஜர்கள் சிஸ்டத்தின் ஃபோல்டர் தேர்வுத் திரை வழியாக உள்ஃபோல்டர்களுக்கு நுழையும் சந்து ஒன்று மிச்சமிருந்தது, 13-ல் அதையும் அடைத்தாயிற்று. எல்லா ஃபைல்களையும் நிர்வகிக்கும் அனுமதி கொடுத்தாலும் இந்த ஃபோல்டர் அதில் அடங்காது. ஒரு ஆப் சேமித்ததை இன்னொரு ஆப் துழாவக் கூடாது என்ற நோக்கம் சரி. சொந்த ஃபோனில் உரிமையாளருக்கும் சேர்த்துப் பூட்டியது அதிகப்படி.

எளிய வழி, கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் இணைத்து, ஃபோனில் வரும் யூஎஸ்பி அறிவிப்பில் ஃபைல் டிரான்ஸ்ஃபர் தேர்ந்தெடுப்பது. கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து டேட்டா ஃபோல்டர் தெரியும், நகல் எடுக்கலாம், போடலாம். அடிக்கடி தேவைப்பட்டால், ஏடிபி அளவு உரிமையை மற்ற ஆப்களுக்குத் தரும் ஷிசுக்கு என்ற ஆப்பும் அதை ஆதரிக்கும் ஃபைல் மேனேஜரும் வேண்டும். ரூட் (சிஸ்டத்தின் முழு உரிமை) தேவையில்லை, ஆனால் ஃபோனை ரீஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் ஷிசுக்குவை மறுபடி துவக்கணும்.

அவரை:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கணும். ஐஃபோனில் ஐஓஎஸ் 26 போட்ட பிறகு கண்ணாடி மாதிரியான மெனுக்களில் எழுத்து படிக்க முடியவில்லை. பழைய தோற்றம் வருமா?

வேப்பங்காய்:

வராது. செட்டிங்ஸ் > அக்சஸிபிலிட்டி > டிஸ்பிளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ் > ரெடியூஸ் டிரான்ஸ்பரன்சி ஆன் செய்தால் பின்னணி அடர்த்தியாகும், எழுத்து தெளியும். 26.1 போட்டிருந்தால் டிஸ்பிளே அண்ட் பிரைட்னஸ் உள்ளே லிக்விட் கிளாஸ் என்பதில் டின்டெட் தேர்ந்தெடுக்கலாம். மேற்கொண்டு என்றால் தனி இழை திறவுங்கள், இங்கே குழம்பும்.

பேட்டரிக்கு வருவோம். பெரிய அப்டேட்டோ ரீசெட்டோ முடிந்ததும் சிஸ்டம் எல்லா ஆப்பையும் பின்னணியில் மறுபடி கம்பைல் செய்யும் (வேகமாக ஓடத் தயார் செய்யும்), படங்களை மறுபடி அட்டவணை போடும். சார்ஜில் போட்டுத் திரை அணைந்து கிடக்கும் நேரத்தில்தான் அந்தக் கம்பைல் வேலை பெரும்பாலும் ஓடும். சில இரவுகள் சார்ஜரிலேயே விடுங்கள். ரீசெட் செய்ததால் உங்களுக்கு எல்லாம் முதலிலிருந்து ஆரம்பம்.

கேஷ் பார்ட்டிஷனை (தற்காலிக ஃபைல்களுக்கான தனிப் பகுதியை) துடை என்று யாராவது சொல்வார்கள். ஃபோன் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் அப்டேட் ஆகி, ஒரு ரீஸ்டார்ட்டில் மாறும் வகை என்றால், அது இரட்டைப் பார்ட்டிஷன் ஃபோன். அதில் துடைப்பதற்குப் பொதுவாக அப்படியொரு பார்ட்டிஷனே கிடையாது.

அரைநிலா:

ஒரு வாரம் கழிந்தும் இறங்கினால் மட்டும் தேடுங்கள். மேலிருந்து குவிக் செட்டிங்ஸை முழுதாக இழுத்தால் அடியில், இத்தனை ஆப் இயங்குகிறது என்று சின்னதாக ஒரு வரி இருக்கும். விபிஎன், நடை எண்ணும் ஆப் போன்றவற்றின் நிலையான அறிவிப்பை 14 முதல் விரலால் தள்ளிவிட முடியும் என்பதால், அறிவிப்பு போனதும் ஆப்பும் நின்றது என்று நினைத்துக்கொள்கிறோம். அது உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வரியைத் தொட்டு ஸ்டாப் கொடுத்தால்தான் நிற்கும்.

பெட்டிச்சாவி:

அந்த வரியில் விபிஎன் இருந்தது, நிறுத்தியாயிற்று. டேட்டா ஃபோல்டர் கேபிளில் திறக்கிறது. ஏடிபியில் அந்த ஃபிளாக்கோடு நிறுவினால் அகராதி மட்டும் இப்போது வேறு பிழை காட்டுகிறது, ஏபிஐ (API) பொருந்தவில்லை என்பது போல.

திருகாணி:

கவனமாகப் படியுங்கள், அது API அல்ல, ABI (தமிழில் எழுதினால் இரண்டும் ஏபிஐதான்): பிராசஸருக்கான நிரல் வகை. ஆப்புக்குள் 32 பிட் நேட்டிவ் லைப்ரரி (பிராசஸர் நேரடியாக ஓட்டும் நிரல்) மட்டும் இருக்கிறது, உங்கள் ஃபோன் 64 பிட் மட்டும் ஏற்கும் என்று பொருள். 2022 முதல் இப்படி வரும் ஃபோன்கள் உண்டு. பிக்சல் 7 அதில் முதல் வரிசை. இதற்கு ஃபிளாக் கிடையாது. அகராதியின் தரவு ஏபிகேக்குள்ளேயே இருந்தால், ஏபிகேயின் ஒரு நகலை ஜிப் என்று பெயர் மாற்றித் திறந்து, அசெட்ஸ் ஃபோல்டரில் டிபி (தரவுத்தள) ஃபைல் ஏதும் இருக்கிறதா பாருங்கள். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வடிவில் இருந்தால் வேறு கருவியில் படித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பழைய ஃபோன் ஒன்றில்தான் அது ஓடும்.

வேலை முடிந்ததும் யூஎஸ்பி டீபக்கிங்கையும் டெவலப்பர் ஆப்ஷன்ஸையும் ஆஃப் செய்துவிடுங்கள். அவை ஆன் ஆகியிருந்தால் சில வங்கி ஆப்கள் திறக்க மறுக்கும், அடுத்த இழை அதற்காகத் திறக்க வேண்டிவரும்.