பஸ்ஸுக்குள்ள கட்டிலுக்கு அடியில பேட்டரி, மத்தியானமானா அழுகுன முட்டை நாத்தம். என்ன பண்றதுங்க?

கோபி_அறுவடை:

வணக்கமுங்க. நாங்க கோபிச்செட்டிபாளையம் பக்கமுங்க, நெல் அறுக்குற மெஷின் வச்சிருக்கோம். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பக்கம் அறுப்பு முடிஞ்சா மெஷின் தஞ்சாவூர்ப் பக்கம் போயிரும். கூடப் போற பசங்க களத்து மேட்டுலயும் கோயில் திண்ணையிலயும் படுத்துக் கெடக்குறதைப் பாத்து மனசு கேக்கல. காலேஜ்ல ஓடுன பழைய பஸ் ஒண்ணை வாங்கி, சீட்டெல்லாம் கழட்டி, ஆறு பேர் படுக்குற மாதிரி ரெண்டடுக்குக் கட்டிலும் பின்னால சமையல் மேடையும் போட்டிருக்கோம்.

கூரை மேல 335 வாட் பேனல் ரெண்டு. 12 வோல்ட் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி ரெண்டு, பேரலல்ல. ஒண்ணு புதுசு, இன்னொண்ணு வீட்டு இன்வெர்ட்டர்ல இருந்து எடுத்தது. ரெண்டையும் கட்டிலுக்கு அடியில பிளைவுட் பொட்டியில வச்சு, அதே பொட்டிக்குள்ள இன்வெர்ட்டரையும் மாட்டிக் குடுத்திருக்கார் எலக்ட்ரீஷியன்.

மத்தியானம் வெயில் ஏறுனா உள்ள அழுகுன முட்டை நாத்தம் வருது, தொண்டை கமறுது. டெர்மினல் நட்டைச் சுத்தி பச்சையும் வெள்ளையுமா பூத்திருக்குது. பொட்டியோட அடிப்பலகை ஓரம் கறுத்துப் போயி நாரு நாரா உரியுது. சார்ஜர் டிஸ்பிளேல எந்நேரமும் 13.2 தான், 14 பக்கமே போறதில்ல. அதனால ஓவர் சார்ஜ் இல்ல, மூடியைச் சுத்தி சிலிக்கான் அடிச்சுட்டா நாத்தம் நின்னுருமுங்கறார் மாட்டுனவர். அதைச் செய்யலாமுங்களா? இல்ல டிக்கிக்கு மாத்தணுமுங்களா? அது மேலதான் பசங்க படுக்குறாங்க, ரொம்ப வெசனமா இருக்குதுங்க.

கரூர்_பாடி_ஒயரிங்:

அம்மிணி, மத்ததெல்லாம் பொறவு பேசிக்கலாம். இப்பவே செய்ய வேண்டியதை மொதல்ல சொல்லிர்றேன். கதவு, ஜன்னல் எல்லாத்தையும் தெறந்து போடுங்க. பேனல் மேல ஒரு தார்ப்பாயை விரிச்சு மூடுங்க, சார்ஜ் தானா நின்னுரும். பொட்டிக்குள்ள இருக்குற இன்வெர்ட்டர் சுவிட்சைத் தொடவே வேண்டாம், அதுக்குள்ள இருக்குற ரிலே (கரண்டால தானா விழற சுவிட்ச்) விழறப்ப பொறி வரும். அடுப்பு பத்த வைக்கக் கூடாது, பீடி சிகரெட்டும் கூடாது. காத்தாட விட்டுட்டு, நாத்தம் முழுசா போன பொறவு மூடியைத் தெறந்து வச்சு, அதுக்கும் மேல கொஞ்ச நேரம் விட்டுட்டு, கடைசியா சுவிட்சை ஆஃப் பண்ணி ரெண்டு பேட்டரியிலயும் நெகட்டிவைக் கழட்டுங்க. ஸ்பேனர் கைப்பிடி முழுக்க டேப் சுத்திக்கோணும். வேலை செய்யற பையன் கையில வெள்ளிக் காப்பு, மோதிரம் இருந்தா கழட்டிரச் சொல்லுங்க. பாசிட்டிவுக்கும் தகரத்துக்கும் நடுவுல காப்பு மாட்டுனா அந்தக் கை அவ்வளவுதான்.

பேட்டரியைக் கழட்டி வெளிய வைக்கிற வரைக்கும் அந்தக் கட்டில்ல யாரும் படுக்க வேண்டாம்.

கோவை_சோலார்_வேலை:

13.2 காட்டுறதாலதான் எனக்குப் பயமே வருதுங்க. கணக்கு இப்படி. 12 வோல்ட் பேட்டரியில ஆறு செல். 13.2-ஐ ஆறா வகுத்தா செல்லுக்கு 2.2 வோல்ட், நாத்தம் வர வேண்டிய வேலையே இல்ல. ஆனா ஒரு செல் உள்ளுக்குள்ள ஷார்ட் ஆகியிருந்தா? மிச்சம் அஞ்சு செல்தான் அந்த 13.2-ஐத் தாங்குது, செல்லுக்கு 2.64. லெட் ஆசிட் செல் 2.4-க்குப் பக்கம் வந்தாலே நல்லா வாயு விட ஆரம்பிச்சிரும். 2.64-ல கொதிக்கும். சார்ஜர் 14.4 வந்தாத்தான் பேட்டரி நெறைஞ்சுதுன்னு நெனைச்சு கரண்டைக் கொறைக்கும். அஞ்சு செல்லை வச்சு 14.4 எட்டவே எட்டாது. ஆக, பொழுதுக்கும் முழுக் கரண்டும் உள்ள போயிட்டே இருக்கும். ராத்திரியில நல்ல பேட்டரி தன்கிட்ட இருக்குறதைக் கெட்டதுக்குள்ள எறக்கி அதுவும் சேர்ந்து வீணாப்போகும்.

எது கெட்டதுன்னு கண்டுபிடிக்க, ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு ஒரு ராத்திரி விடுங்க. வெடியால மல்டிமீட்டர்ல பாருங்க. நல்லது 12.5க்கு மேல நிக்கும், செல் போனது 10.5 பக்கம் இருக்கும். ஹைட்ரோமீட்டர் கெடைச்சா ஒவ்வொரு செல்லுலயும் கிராவிட்டி (ஆசிட்டோட அடர்த்தி) பாருங்க. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கிட்டுத்தான்.

ஈரோடு_வேதியியல்_ஆசிரியர்:

நாற்றத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடினுடையது. அளவு மீறிச் சூடேறிய பேட்டரியிலிருந்து வருவது, நச்சு. செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாமல் போகும், அதனால் 'இப்போது வாடை இல்லை' என்று உள்ளே போய் உட்காரக் கூடாது. வெடிக்கக்கூடிய ஹைட்ரஜனுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. உங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னபடி சிலிக்கான் அடித்தால் வாடை நிற்கலாம், ஹைட்ரஜன் பெட்டிக்குள் சேர்ந்துகொண்டே இருக்கும்.

எவ்வளவு சேரும்? நிறைந்த செல்லில் ஒரு ஆம்பியர்-மணி கூடுதலாகப் பாய்ந்தால் சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜன். 10 ஆம்பியர், ஆறு செல், ஒரு மணி நேரம் என்றால் 25 லிட்டர். பேட்டரி போக உங்கள் பெட்டியில் 60 லிட்டர் காற்று இருக்கிறது என்று வைப்போம். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே பற்றும், அதாவது 2.4 லிட்டர். மூடிய பெட்டியில் ஆறு நிமிடத்திற்குள் அந்த அளவு வந்துவிடும். அதே பெட்டிக்குள் இன்வெர்ட்டர் ரிலே 'டக்' என்று விழுகிறது. அந்த இன்வெர்ட்டரை அங்கே மாட்டியதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

பல்லடம்_ஆனந்த்_ஒர்க்ஸ்:

பொட்டியில ஓட்டை போட்டு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிட்டா போதாதுங்களா? எங்க பக்கம் ஆடிக் காத்துக்கு ஃபேனே வேண்டியதில்ல.

கோவை_சோலார்_வேலை:

காத்து எல்லா நாளும் ஒரே மாதிரி அடிக்காதுங்க, பஸ் களத்துல எந்தப் பக்கம் திரும்பி நிக்குமோ தெரியாது. ஃபேன் வைக்கலாம், ஆனா வாயுவை இழுக்குற பக்கம் வைக்காதீங்க. வாயு மோட்டார் வழியா போகக் கூடாது. கீழ வெளிக்காத்தை உள்ள தள்ளுற மாதிரி, கம்ப்யூட்டர்ல வர்ற மாதிரி பிரஷ் இல்லாத ஃபேன் வையுங்க. அதுவும் கூடுதல் உதவிக்குத்தான். ஃபேன் நின்னு போனாலும் தானா காத்து ஓடுற அளவுக்கு ஓட்டை இருக்கோணும்.

அதுக்குச் சர்வதேசத் தரத்துல ஒரு சூத்திரம் இருக்குது. தண்ணி ஊத்துற பேட்டரிக்கு: 0.05 × செல் எண்ணிக்கை × 20 × ஏ.எச்., அதை ஆயிரத்தால வகுக்கணும். உங்களுக்கு 0.05 × 6 × 20 × 300 வகுத்தல் 1000, மணிக்கு 1.8 கன மீட்டர் காத்து. அதை 28-ஆல பெருக்குனா 50 சதுர செ.மீ. ஓட்டை, கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. 75 எம்.எம். பி.வி.சி. பைப் பத்தாது, 90 எம்.எம். சரியா இருக்கும். கொசு வலை கட்டுனா பாதி எடத்தை வலையே தின்னுரும், அப்ப 140 போட்டுக்கோங்க.

கோபி_அறுவடை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. சொன்ன மாதிரியே செஞ்சோம். பழைய பேட்டரி 10.4, புதுசு 12.6. பழசுல அஞ்சு செல்லோட தண்ணி மட்டம் காட்டுற மிதவையும் செகப்புக்கு எறங்கிக் கெடக்குது, மூணாவது செல் மட்டும் பச்சையில நிக்குது. அது மட்டும் நல்லா இருக்குதுன்னு நெனைச்சா, அதோட கிராவிட்டிதான் 1100-க்கும் கீழ. இது எப்படீங்க?

கோவை_சோலார்_வேலை:

அதேதானுங்க. செத்த செல் வாயு விடாது, அதனால அதுல தண்ணி கொறையல. அதோட பாரத்தைச் சுமந்த அஞ்சும் கொதிச்சு வத்திப்போச்சு. பழசை எடுத்துருங்க. புதுசுல எல்லாச் செல்லும் 1240-க்குப் பக்கம் இருந்தா அதை வச்சு ஓட்டலாம். ரெண்டு வேணும்னா ஒரே கம்பெனி, ஒரே வயசு ஜோடியாத்தான் வாங்கோணும்.

சார்ஜர்ல டெம்பரேச்சர் சென்சார் வயர் இருந்தா பேட்டரி பக்கத்துல ஒட்டி விடுங்க. 14.4-ங்கறது 25 டிகிரிக்கான கணக்கு. ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் 12 வோல்ட் பேட்டரிக்கு 18-ல இருந்து 30 மில்லிவோல்ட் வரைக்கும் கொறைக்கோணும். சித்திரை வெயில்ல பேட்டரி 40 டிகிரி போனா 14.0 பக்கம் வந்துருது. பேட்டரி மேல ஒட்டியிருக்குற அளவுதான் கடைசிப் பேச்சு. ஈக்வலைஸ் (எல்லாச் செல்லையும் சமப்படுத்த வேணும்னே கூட ஏத்துற சார்ஜ்) தானா ஓடுற மாதிரி இருந்தா அதை நிறுத்தி வச்சு, வேணுங்கறப்ப ஆளில்லாத நேரத்துல கையால போடுங்க.

கரூர்_பாடி_ஒயரிங்:

இப்ப எடத்தைப் பத்திப் பேசலாம் அம்மிணி. சைடு டிக்கிக்கு மாத்துங்க, அதுதான் சரி. சைலன்சர் போற பக்கம் வேண்டாம், பின் வீலுக்கு ஒட்டியும் வேண்டாம், சேறு அடிக்கும். உயரம் அளந்து பாத்துக்கோங்க. டியூபுலர் பேட்டரியே ஒண்ணேகால் அடிக்கு மேல வரும், தண்ணி ஊத்த மேல கை போகோணும். கை போகலைன்னா இழுத்தா வெளிய வர்ற டிராலி மாதிரி செஞ்சுருங்க, பஸ்ஸோட சொந்த பேட்டரிக்கும் பல வண்டியில அப்படித்தான் இருக்கும். ஆசிட் ஊத்துன பேட்டரி ஒண்ணு 50 கிலோவுக்கு மேல. பிரேக் அடிச்சா அது சும்மா நிக்காது. ஆங்கிள்ல கூடு கட்டி, மேல பட்டை போட்டு இறுக்கி, கூட்டை குறுக்குச் சேனலோட சேர்த்துப் புடிக்கோணும். பலகையில மட்டும் ஸ்குரூ அடிச்சா ஒரு பள்ளத்துல எறங்குனாப் போதும், பிச்சுக்கிட்டு வந்துரும். சேசிஸ் நீளச் சட்டத்துல மட்டும் புதுசா துளை போடாதீங்க, கிளாம்ப் போட்டுப் புடிங்க.

இரும்புக் கூட்டுக்குள்ள கெட்டியான பிளாஸ்டிக் தட்டு, பேட்டரி உடைஞ்சாலும் ஆசிட் அதுலயே நிக்கிற அளவு ஆழமா. கூட்டுக்கு எபாக்ஸி பெயின்ட்.

அடுத்ததுதான் முக்கியம். டிக்கிக்கும் மேல ஆள் இருக்குற எடத்துக்கும் நடுவுல ஒரு ஊசி ஓட்டை கூட இருக்கக் கூடாது. அந்தச் சிலிக்கானை இங்க அடிங்க. வயர் மேல ஏறுற எடத்துல கிளாண்ட் (வயரைச் சுத்தி இறுக்கி அடைக்கிற மூடி) போட்டு அதைச் சுத்தியும் அடிங்க. ஆளு பக்கம் முழுசா அடைப்பு, வெளிப் பக்கம் முழுசா தெறப்பு. ஹைட்ரஜன் காத்தை விட லேசு, கெடைச்ச சந்துல மேல ஏறும். அதனால பொட்டி மூடியை ஒரு பக்கம் தூக்கலா சாய்ச்சு, அந்த உச்சியில இருந்துதான் வெளிய போற பைப் கெளம்போணும். பைப் வாய் ஜன்னலுக்கு நேர் கீழ வரக் கூடாது. உள்ள வர்ற பைப் எதிர்ப் பக்கம் கீழ, முழங்கை போட்டுத் தலைகீழாத் திருப்பி விடுங்க, தண்ணி ஏறாது. ரெண்டு வாயிலயும் பிளாஸ்டிக் வலை கட்டாயம். வயக்காட்டுல நிக்கிற வண்டிக்குக் குளவி மண்ணை வச்சு அந்தப் பைப்பை அடைச்சிரும், வெளிய இருந்து பாத்தா தெரியவும் தெரியாது. பாத்துப் பாத்துக் குத்தி விட்டுட்டே இருக்கோணும்.

சமையல் மேடைன்னீங்களே, சிலிண்டர் எங்க இருக்குது? அதே டிக்கியிலன்னா மாத்திருங்க. சமையல் கேஸ் காத்தை விடக் கனம், கீழ தேங்கும். அதுக்கு ஓட்டை அடியில வேணும். ரெண்டையும் ஒரே அறையில வைக்கவே கூடாது.

ஃபியூஸ் பத்தி நீங்க எழுதவே இல்ல. பேட்டரிக்கு ஒண்ணா பாசிட்டிவ்ல போடுங்க, பொட்டிக்கு வெளிய, ஆனா வயர் முடிஞ்ச மட்டும் குட்டையா. ஃபியூஸ் போறப்ப வர்ற பொறி வாயுவுக்குள்ள வரக் கூடாது. இன்வெர்ட்டரை மேல தனியா மாட்டுங்க.

ஆர்.சி.ல மாத்தம் எழுதியாச்சுங்களா? 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. வெளியூர் ஓடுற வண்டி, இல்லாம தாட்டி விட்றாதீங்க.

பெருந்துறை_வண்டிக்காரன்:

ஏனுங்க, இவ்வளவு வேலைக்கு லித்தியமோ மூடுன ஜெல் பேட்டரியோ வாங்கிட்டா முடிஞ்சுதே?

கோவை_சோலார்_வேலை:

ஜெல் கம்மியா வாயு விடும், விடவே விடாதுன்னு இல்ல. வால்வு தெறக்கும், அதையும் காத்தில்லாத பொட்டியில வைக்க முடியாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் நல்லதுதான், ஆனா சார்ஜரும் செட்டிங்கும் அதுக்கேத்ததா இருக்கோணும், காசும் வேணும். இவங்ககிட்ட நல்ல பேட்டரி ஒண்ணு இருக்குது, அதை ஒழுங்கா வச்சுக்கட்டுமுங்க.

கோபி_அறுவடை:

சிலிண்டர் அதே பக்க டிக்கியிலதானுங்ணா இருக்குது, பின்னால மாத்தச் சொல்லிட்டேன். வெல்டிங் பட்டறையில கூடு கட்டக் குடுத்தாச்சு. ஆர்.சி. வேலையையும் கையோட பாத்துர்றோம். ரெண்டு சந்தேகம் மட்டும். பழைய பொட்டி இருந்த எடத்துல தரைப் பலகை ஈரமா பிசுபிசுன்னு இருக்குது, அதை என்ன பண்றது? செத்த பேட்டரியை என்ன பண்றது?

ஈரோடு_வேதியியல்_ஆசிரியர்:

அந்த ஈரம் ஆசிட். வெறுங்கை படக் கூடாது. ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். நுரைக்கும். நுரை அடங்கியதும் இன்னொரு முறை ஊற்றி, நுரை வருவது நிற்கும் வரை செய்து, பிறகு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். சோடா பேட்டரிக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. கண்ணில் ஆசிட் தெறித்தால் சோடா வேண்டாம், வெறும் தண்ணீர்தான், குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரி போக வேண்டும். டிக்கியில் சோடா ஒரு டப்பாவும், குடிதண்ணீர் கேன் ஒன்றும் எப்போதும் இருக்கட்டும்.

கரூர்_பாடி_ஒயரிங்:

பழைய பேட்டரியைப் புதுசு வாங்குற கடையிலயே குடுத்துருங்க, வெலையில கழிச்சுக்குவாங்க. 2022 பேட்டரிக் கழிவு விதியில பேட்டரி செய்யறவங்களே திரும்ப வாங்கி முறையா உருக்கணும்னு இருக்குது. ஆசிட்டை வாய்க்கால்ல கொட்டிட்டு ஈயத்தை மட்டும் எடைக்குப் போடச் சொல்லி யாராச்சும் வந்தா குடுக்காதீங்க. நிமிர்த்தி வச்சு, வென்ட் பிளக் இறுக்கி, டெர்மினல் ரெண்டுலயும் டேப் ஒட்டி ஏத்தி விடுங்க. கூட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னால அளவை இங்க எழுதுங்க அம்மிணி, பைப் எங்க வரோணும்னு பாத்துச் சொல்றேன்.