பொருள்: கிராவிட்டி அசிஸ்ட் – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

வெளிக்கோள்களுக்கு விண்கலம் அனுப்பத் திட்டமிட்ட வரலாற்றை மாணவர்களுக்காக மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கோளை ஒட்டிப் போகும் கலத்தின் வேகமும் திசையும் அந்தக் கோளின் ஈர்ப்பால் மாறுவதைச் சொல்லும் ‘கிராவிட்டி அசிஸ்ட்’ வந்த இடத்தில் நின்றுவிட்டேன். 1961-இல் ஆய்வு மாணவர் மினோவிச் கணக்கிடத் தொடங்கியது இதைத்தான். 1970-களின் கடைசியில் வியாழன் முதல் நெப்டியூன் வரை நான்கையும் ஒரே கலம் பார்த்துவரத் தோதாகக் கோள்கள் அமையும் என்று 1965-இல் பொறியாளர் ஃபிளாண்ட்ரோ கண்டதற்கும் இதுவே அடிப்படை. அதை விட்டால் அடுத்த வாய்ப்புக்குச் சுமார் 175 ஆண்டு. ‘ஈர்ப்பு உதவி’ என்று போட்டால் என்ன நடக்கிறது என்றே விளங்கவில்லை. நல்ல சொல் தாருங்கள்.

---

அம்மா, ‘ஈர்ப்புக் கவண்’. தினைப்புனம் காப்பவர் கவண்கல் எறிவதைக் குறிஞ்சிப் பாடல்களில் படித்தவர்கள்தானே நாம்? ‘கவ்வு’ என்பதோடு கவணுக்கு உறவு உண்டு என்பேன். கல்லைக் கவ்விச் சுழற்றி விட்டுவிடுகிறது. வியாழனும் அதைத்தானே செய்கிறது!

---

> வியாழனும் அதைத்தானே செய்கிறது

இல்லை ஐயா. இதை வகுப்பில் நடத்துகிறவன் என்பதால் சொல்கிறேன். கவணில் கல் கயிற்றில் இருக்கிறது, கை சுழற்றுகிறது. கலமோ வெளியிலிருந்து வந்து, வளைந்து, போய்விடுகிறது. வியாழனிலிருந்து பார்த்தால் வந்த வேகமும் போகும் வேகமும் ஒன்றே. சூரியனை வைத்துப் பார்த்தால்தான் வேகம் கூடியிருக்கும். வியாழனுடைய ஓட்டத்தில் ஒரு துளி கலத்துக்கு வந்துவிடுகிறது. வேகம் குறையவும் செய்யும். 1995-இல் கலிலியோ கலம் வியாழனைச் சுற்றத் தொடங்குமுன் அதன் அயோ நிலவை ஒட்டிப் போனது, வேகத்தைக் குறைத்துக்கொள்ள உதவியது.

வாயேஜர் 1 கலத்தின் கதையில் திசைதான் முக்கியம். 1980-இல் சனியின் நிலவான டைட்டனை அருகில் பார்த்தே ஆக வேண்டும் என்று பாதை வகுத்தார்கள். சனியின் ஈர்ப்பு கலத்தைக் கோள்கள் சுற்றும் தளத்தைவிட்டு மேலே திருப்பியது; புளூட்டோவுக்குப் போகும் வாய்ப்பு அதோடு போயிற்று. ஆகவே ‘ஈர்ப்புத் திருப்பம்’.

அப்புறம், தனிமடலில் ஒருவர் சொன்ன ‘ஈர்ப்புந்தல்’ வேண்டாம். உந்தல் எஞ்சினுடைய வேலை. எரிபொருள் செலவில்லாமல் நடப்பதுதானே இதன் அருமை!

---

தம்பி, ‘துளி வந்துவிடுகிறது’ என்றீர்களே, சொல் அங்கேயே இருக்கிறது. கொள் என்னும் வினை முதல் நீண்டு கோள் ஆயிற்று. கொள்கிற கோள் இங்கே கொடுக்கிறது. கோள் + கொடை = கோட்கொடை. புணர்ச்சியும் சரி, இயற்பியலும் சரி. எஞ்சின் எதற்கு, பொறி என்று எழுதலாமே?

---

ஐயா, கோட்கொடை அழகான சொல். ஆனால் வாய்விட்டுச் சொன்னால் ‘கோட்’ எதிலிருந்து வந்தது என்று மாணவருக்குப் பிடிபடாது; ஒவ்வொரு முறையும் இலக்கணம் நடத்த வேண்டியிருக்கும். அயோ கலத்துக்குக் கொடுக்கவும் இல்லை, வாங்கிக்கொண்டது. எஞ்சினை எல்லாரும் அறிவார்கள், இருக்கட்டும்.

---

நன்றி. கவணுக்கு ஆறு பேர், திருப்பத்துக்கு மூவர், கோட்கொடைக்கு ஐயா ஒருவர். செலவு கட்டாது என்று, வெளிக்கோள்களை எல்லாம் பார்த்துவரும் ‘பெருஞ்சுற்று’த் திட்டத்தை நாசா கைவிட்டு, 1972-இல் வியாழன், சனி இரண்டுக்கு மட்டும் ஒப்புதல் தந்த பத்தியில் எழுதிப் பார்த்தேன். ‘பின்னாளில் சனி என்னும் ஈர்ப்புக் கவண் வாயேஜர் 2-ஐ யுரேனசை நோக்கி எறிந்தது’ என்றதும் வாக்கியம் ஓடுகிறது. கவணையே வைத்துக்கொள்கிறேன்.

---

சரி அம்மா. அயோ வரும் பத்தியிலாவது ‘திருப்பம்’ என்று போடுங்கள். கவண் எதையும் மெதுவாக்காது.