வெள்ளைக்குங்கிலியம்: எத்தனை மரம், ஏன் பழுப்பு டிஎன்ஏ?

கேள்வி: மேற்குத் தொடர்ச்சி மலையில் துண்டுபட்ட காடுகளில் வெள்ளைக்குங்கிலிய மரத்தின் (Vateria indica) மரபணு வேறுபாட்டை மைக்ரோசாட்டிலைட் (டிஎன்ஏவில் அடுத்தடுத்துத் திரும்ப வரும் சிறு துண்டுகள்) வைத்துப் பார்க்கிறோம். ஒரு துண்டுக்கு எத்தனை மரம் போதும்? டிஎன்ஏ பழுப்பாக வருகிறது, பிசிஆர் (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் முறை) ஓடவில்லை.

பதில் 1: 30 மரம். அதாவது 60 மரபணு நகல்; 5% அளவில் உள்ள அல்லீல் (மரபணுவின் ஒரு மாற்று வடிவம்) ஒருமுறையாவது சிக்க 95% வாய்ப்பு. ஆனால் எண்ணிக்கையைவிட இடைவெளிதான் முக்கியம். விதை கனம், தாய்மரத்தடியிலேயே விழும். அடுத்தடுத்த மரங்களில் எடுத்தால் ஒரே குடும்பத்தை அளந்ததாகிவிடும். முடிந்தவரை 100 மீட்டர் தள்ளி எடுங்கள்.

பதில் 2: பழுப்புக்குக் காரணம் இலையிலுள்ள பாலிஃபீனால் என்ற வேதிப்பொருள்களின் ஆக்சிஜனேற்றம். முற்றிய இலை வேண்டாம், தளிர் எடுங்கள். பறித்த கையோடு இலை எடையைப்போல் 10 மடங்கு சிலிக்கா ஜெல்லில் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) போடுங்கள். ஜெல்லின் நீலம் இளஞ்சிவப்பானால் உடனே ஜெல்லை மாற்றணும். டிஎன்ஏ பிரிக்கும் 2% சிடிஏபி (CTAB) கரைசலில், பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி (PVP) 2% சேருங்கள். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மெர்காப்டோஎத்தனாலைக் கரைசலைப் பயன்படுத்தும் நேரத்தில்தான் கலக்கணும். 65 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் ஆல்கஹால் (24:1) இரண்டு தடவை. கையிலிருக்கும் டிஎன்ஏவை வீசாதீர்கள். 10 மடங்கு நீர்க்க வைத்து ஓட்டினால் பல நேரம் வேலை செய்யும்.

பதில் 3: நாற்றுகளையும் தனியாக எடுங்கள். பெரிய மரங்கள் காடு துண்டுபடும் முன்பே முளைத்தவையாக இருக்கலாம். அவற்றில் வேறுபாடு குறையாமலே தெரியும். உள்இனப்பெருக்கம் (உறவு மரங்களுக்குள்ளேயே நடக்கும் கலப்பு) நாற்றில்தான் முதலில் அகப்படும்.