திமிங்கிலம் முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது

கிளாஸ்கோவிலிருந்து:

பாய்மரப் படகில் போய்த் திமிங்கிலம் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். ஜூலை முதல் வாரம் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஹெப்ரிடீஸ் தீவுகளுக்குள் 6 நாள் சுற்றிவிட்டு வந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன். சுருக்கினால் கடல், குளிர், ஒரு முதுகு, அவ்வளவுதான் மிஞ்சும்.

ஓபன் என்ற ஊரின் துறையில் ஏறினோம். 45 அடிப் படகு. பயணிகள் 6 பேர், படகை ஓட்டும் அம்மா ஒருவர், அவருக்கு உதவியாக ஒரு பையன். படுக்கை நம்மூர் இரயில் அப்பர் பெர்த் மாதிரி; தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்தால் மண்டை இடிக்கும். கழிப்பறையில் தண்ணீரைக் கைப்பம்பால் அடிக்க வேண்டும். எத்தனை தடவை அடிப்பது என்று முதல் நாளே வகுப்பு எடுத்தார்கள். சமையல் முறை வைத்து. என் முறைக்கு ரசம் வைத்தேன். படகோட்டி அம்மா இரண்டு குவளை வாங்கிக் குடித்துவிட்டு, குளிர்காலத்தில் இது இருந்திருக்கலாமே என்றார்.

முதல் இரவு டோபர்மோரியில் நங்கூரம். மல் தீவில், கரையோரம் வண்ண வண்ணமாக வீடுகள் நிற்கும் ஊர். இரவு 10 மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தபோது பின்னால் யாரோ தும்மியது போல் ஒரு சத்தம். திரும்பினால் யாருமில்லை. மறுபடி ஒரு தும்மல். ஹார்பர் போர்பாய்ஸ் என்றான் பையன். ஓங்கில் இனத்துக்குச் சொந்தக்காரன், ஆள் ஒன்றரை மீட்டர்தான். முக்கோணத் துடுப்பு ஒன்று எழுந்து, சக்கரம் உருண்டது போல் மறைந்தது. இந்தப் பயணத்தில் எல்லாமே இப்படித்தான்: காது முதலில், கண் அப்புறம்.

மறுநாள் டிரெஷ்னிஷ் தீவுக்கூட்டத்தில் ஒரு தீவில் இறங்கினோம். தீவின் பெயர் லங்கா! (இராவணன் அங்கே இல்லை, விசாரித்துவிட்டேன்.) அங்கே இருப்பவை பஃபின் பறவைகள். கோடையில் முட்டையிட வந்து, ஆகஸ்ட் பிறக்கும்போது கடலுக்குத் திரும்பிவிடும். மனிதர் பக்கத்தில் இருந்தால் பெரிய கடற்காகங்கள் வந்து மீனைப் பிடுங்காது என்பதால், நம் காலுக்கு ஒரு முழத்தில் வந்து நிற்கின்றன. ஒன்றின் அலகில் குறுக்கே அடுக்கியிருந்த மீன்களை எண்ணினேன், 7. எட்டாவதை எண்ணுவதற்குள் வளைக்குள் போய்விட்டது. ஸ்டாஃபா தீவின் கருங்கல் தூண்களையும் பார்த்தோம். அது பற்றி எல்லோரும் எழுதியாயிற்று.

மூன்றாம் நாள் எனக்கு வாந்தி. அதையும் விட்டுவிடுகிறேன்.

நான்காம் நாள் கோல் தீவிலிருந்து கானா தீவுக்கு வடக்கே போய்க்கொண்டிருந்தோம். காற்று படுத்துவிட்டது. பாய் துணிக்கொடித் துணி போலத் தொங்கியது. படகோட்டி அம்மா எஞ்சினைப் போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. தூரத்தில் கானெட் பறவைகள் ஒவ்வொன்றாகச் சிறகை மடக்கிக்கொண்டு தலைகீழாகக் கடலில் பாய்ந்துகொண்டிருந்தன. கீழே மீன் திரண்டிருந்தால்தான் அப்படிப் பாயும். மீன் இருந்தால் மிங்கி திமிங்கிலம் வரும், பேசாமல் இருங்கள் என்றார். 20 நிமிடம் பேசாமல் இருந்தோம். ஆறு பேர் அத்தனை நேரம் பேசாமல் இருந்தது எனக்கு அதுவே அதிசயம்.

அப்போது ஒரு நாற்றம். அழுகின முட்டைக்கோஸோடு மீன் கழுவின தண்ணீரைக் கலந்த மாதிரி. பக்கத்தில் இருந்தவரைத்தான் நான் சந்தேகப்பட்டேன். படகோட்டி அம்மா மட்டும் மூக்கை உயர்த்திச் சிரித்தார். மிங்கி திமிங்கிலத்தின் மூச்சு அது. அங்கே அதற்கு நாற்ற மிங்கி என்றே செல்லப்பெயர். காற்று வந்த பக்கம் திரும்பி நின்றோம். "ஹ்ஹாஃப்" என்று ஒரு மூச்சு. கரும்பலகை நிறத்தில் ஒரு முதுகு, வழுவழுவென்று, வந்துகொண்டே இருந்தது. கடைசியில்தான் கொக்கி போல வளைந்த சின்னத் துடுப்பு. 8 மீட்டர் இருக்கும், எங்கள் படகில் பாதிக்கு மேல். இரண்டாவது தடவை எழுந்தபோது நீருக்குள் இருந்த கைத்துடுப்பின் வெள்ளைப் பட்டை பச்சையாகத் தெரிந்தது. மூன்றாவது மூச்சுக்கு அப்புறம் முதுகை நன்றாக வளைத்து இறங்கியது. படங்களில் வருவது போல் வாலைத் தூக்கிக் காட்டும் பழக்கமெல்லாம் மிங்கிக்குக் கிடையாது. பிறகு எழுந்தது நாங்கள் பார்த்த திசைக்கு நேர் எதிரே.

எஞ்சின் ஓடியிருந்தால் அந்த மூச்சு காதில் விழுந்திருக்காது, டீசல் புகையில் அந்த நாற்றமும் தெரிந்திருக்காது. நாங்கள் துரத்தவில்லை, அதுவாக வந்தது, அதுவாகப் போனது. பாய்மரப் படகுக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் எனக்கு அந்த 20 நிமிடத்தில் ஈடாகிவிட்டது.

மாலையில் ஒரு பாஸ்கிங் சுறா. முதுகுத் துடுப்பும் வால் நுனியும் தனித்தனியாக நீருக்கு மேலே ஆடும்; முதலில் பார்ப்பவர் இரண்டு மீன் என்றுதான் நினைப்பார். உலகத்தில் இரண்டாவது பெரிய மீன், தின்பது மிதவை நுண்ணுயிர்கள். வாயைக் குகை மாதிரித் திறந்துகொண்டு, அவசரமே இல்லாமல் போனது. இதையும் மிங்கியையும் காக்கத்தான் அந்தக் கடற்பகுதியை 2020இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்களாம்.

ஓர்க்கா என்னும் கொலைத் திமிங்கிலத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கரையில் திரியும் ஓர்க்காக் கூட்டத்தில் அண்மைக் காலத்தில் கண்ணில் படுபவை இரண்டே கிழ ஆண்கள்: ஜான் கோ, அக்வேரியஸ். ஜான் கோவின் துடுப்பில் அடியில் பெரிய வெட்டு, தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லலாம். அந்தக் கூட்டத்தில் கன்று பிறந்ததை, கவனிக்கத் தொடங்கிய இத்தனை ஆண்டில் யாரும் பார்த்ததில்லை. லூலு என்ற பெண் ஓர்க்கா 2016 ஜனவரியில் கயிற்றில் சிக்கி டைரீ தீவில் செத்து ஒதுங்கியது. உடலைச் சோதித்தபோது பிசிபி என்னும் தொழிற்சாலை இரசாயனம் பயங்கரமான அளவில் இருந்தது. படகோட்டி அம்மா இதைச் சொன்னபோது குரலில் ஒன்றும் காட்டவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

இப்படிக் காசு கொடுத்துச் சும்மா பார்க்க மனம் வராதவர்களுக்கு ஒன்று. டோபர்மோரியில் உள்ள ஹெப்ரிடியன் வேல் அண்டு டால்ஃபின் டிரஸ்ட் 'சைலூரியன்' என்ற பாய்மரப் படகில் கணக்கெடுப்புப் பயணம் நடத்துகிறது. கட்டணம் கட்டித் தன்னார்வலராகப் போகலாம். நீருக்கடியில் ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த தடவை நான் அதில்தான்.

திருகோணமலையிலிருந்து:

மேலே எழுதியவர் மூச்சுச் சத்தத்தைப் பற்றிச் சொன்னது எனக்கு வடிவாக விளங்கியது. எங்கட அப்பா மீன்பிடிக்காரர். சின்ன வயதில் அவரோடு வள்ளத்தில் போயிருக்கிறேன். விடியமுதல், இருட்டுக்குள்ளே, தூரத்தில் யாரோ பெரிய டயருக்குக் காற்றைத் திறந்துவிட்ட மாதிரிக் கேட்கும். அப்பா துடுப்பை நிறுத்திவிடுவார். "பெரியவர் போறார், இரு" என்பார். அவ்வளவுதான் அவர் எனக்குச் சொல்லித்தந்த விலங்கியல்.

எங்களுக்குத் திமிங்கிலம் பார்க்க வெளிநாடு போகத் தேவையில்லை. கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆழம் கரைக்குப் பக்கத்தில் இருப்பதால் நீலத் திமிங்கிலமும் பக்கத்தில் வரும். சித்திரை, வைகாசிக் காலையில் கோணேசர் மலை உச்சியில், இராவணன் வெட்டுப் பக்கம் நின்றால் சில நாளில் அது மூச்சு விடும்போது எழும் நீர்த்தூண் தெரியும். பூசைக்கு வந்த சனம் சாமியை மறந்து கடலைப் பார்த்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

பாய்மரப் படகு என்றதும் 'டியூலிப்' நினைவு வந்தது. 10 மீட்டர்ப் படகு. 1980களின் தொடக்கத்தில் திமிங்கில ஆராய்ச்சியாளர் ஹால் வைட்ஹெட்டும் கூட வந்தவர்களும் அதில் இந்தியப் பெருங்கடலைச் சுற்றி, ஸ்பேர்ம் திமிங்கிலங்களின் 'டிக் டிக்' ஒலியை ஒலிவாங்கியில் கேட்டுக் கேட்டுப் பின்தொடர்ந்தவர்கள். திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலங்களையும் கண்டார்கள். பிறகு போர் வந்தது. கடலில் போவதே பாஸ் கேட்டுப் போகும் காலம் ஆகிவிட்டது. திமிங்கிலத்தை ஆர் எண்ணுவது?

இப்போது உப்புவெளி, நிலாவெளியில் இருந்து ஃபைபர் படகில் கூட்டிக்கொண்டு போகிறார்கள். போன வருடம் மச்சானின் பிள்ளைகளோடு போனேன். ஒரு நீர்த்தூண் எழும்பினதும் 9 படகு அதை நோக்கிப் பாய்ந்தது, எங்கட படகும் சேர்த்து. திமிங்கிலம் இரண்டு மூச்சு எடுத்துவிட்டு வாலைத் தூக்கி இறங்கிவிட்டது. தம்பி, எஞ்சினை நிப்பாட்டு என்று நான் சொன்னேன். "ஐயா, மற்றவன் கிட்டப் போனால் என்ட ஆட்கள் காசு தரமாட்டினம்" என்றான். அவனிலும் பிழை சொல்ல ஏலாது. விடிய 6 மணிக்கு முதல், ஒரு வள்ளத்தில், கச்சான் காற்று எழும்ப முன்னம் போய் வாருங்கள். தண்ணீரில் செங்கல் கரைத்த மாதிரி ஒரு கறை மிதந்தால் அது திமிங்கிலத்தின் கழிவு. இறால் வகை தின்பதால் அந்த நிறம். பிள்ளைகளுக்குத் திமிங்கிலத்தை விட அதுதான் பிடித்தது.

மணப்பாடு பக்கத்திலிருந்து:

நான் விடுமுறைக்குப் போய்ப் பார்த்தவன் இல்லை, அவை எங்கள் வீட்டுக்கு வந்தன. 2016 ஜனவரி, பொங்கலுக்குச் சில நாள் முன்பு. குறுந்துடுப்பு பைலட் திமிங்கிலங்கள், 80க்கும் மேல், தூத்துக்குடி மாவட்டக் கரையில் மணப்பாடு முதல் ஆலந்தலை வரை கரையேறிக் கிடந்தன. எங்கள் ஆட்கள் வாலில் கயிறு கட்டிப் படகால் ஆழத்துக்கு இழுத்துப்போய் விட்டார்கள். விட்டுவிட்டுக் கரைக்கு வருவதற்குள் சில மறுபடி எங்களுக்கு முன்னால் வந்து கிடந்தன.

இரவு முழுக்க ஒன்றின் பக்கத்தில் ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோல் உரித்த பனங்கிழங்கு மாதிரி வழுவழுப்பாக இருந்தது. மூச்சு வரும், அப்புறம் ரொம்ப நேரம் வராது. ஒவ்வொரு தடவையும் போய்விட்டது என்றுதான் நினைப்பேன். விடியற்காலையில் உண்மையாகவே வரவில்லை. 40க்கு மேல் செத்தன, கரையிலேயே குழி தோண்டிப் புதைத்தோம். 1973லும் இதே மாதிரி நடந்தது என்று பெரியவர்கள் சொன்னார்கள். திமிங்கில மூச்சு என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் இதை எழுதத் தோன்றியது. வேறு ஒன்றுமில்லை.

மறுபடி கிளாஸ்கோவிலிருந்து:

மணப்பாடுக்காரருக்கு என்ன பதில் எழுதுவது என்று இரண்டு நாளாகத் தெரியவில்லை. படித்தேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

வாந்திக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டவருக்கு: மாத்திரையைப் படகு அசையும் முன்பே போட வேண்டும், நான் அசைந்த பிறகு போட்டேன். உள்ளே படுக்காதீர்கள். எனக்குச் சரியானது சுக்கானைக் கையில் கொடுத்த பிறகுதான். அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டினேன், வயிறு அடங்கிவிட்டது. கையுறை இரண்டு ஜோடி எடுத்துப்போங்கள், ஜூலையிலும் விரல் மரத்துப்போகும்.

மூச்சைப் பதிவு செய்தீர்களா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். செய்தேன். 40 விநாடி. அதில் 30 விநாடி தண்ணீர் படகில் தட்டும் சத்தம், நடுவில் ஒரே ஒரு "ஹ்ஹாஃப்". அதற்கு மேலேயே நான் "ஐயோ" என்று கத்தியிருக்கிறேன்.