புதுப்பிப்பு: 265/70R16 டயருக்கு 4.556 டிஃப் போட்டாயிற்று

பெரிய டயர் போட்டபின் என் டூவீல் டிரைவ் பிக்கப் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, 4.10 டிஃபை (டிஃபரென்ஷியல்: எஞ்சின் சுழற்சியைக் குறைத்துச் சக்கரங்களுக்குக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி; எண் கூடினால் இழுவை கூடும்) எதற்கு மாற்றலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "டயர் விட்டத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்" என்று இங்கே ஓர் அண்ணா சொன்ன யோசனைதான். பழைய 215/65R16 டயர் ஏறத்தாழ 686 மிமீ, புதியது 777 மிமீ. 777ஐ 686ஆல் வகுத்து 4.10ஆல் பெருக்கினால் 4.64. அதற்குக் கிட்டக் கிடைப்பது 4.556, அதாவது டிஃபின் பெரிய பல்சக்கரமான கிரவுனில் 41 பல், அதைச் சுற்றும் சிறிய பினியனில் 9. கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்தேன். 4.875ஐயும் சிலர் சொன்னீர்கள். பாரம் ஏற்றுபவருக்கு அது சரி. அதிவேகப் பாதையில் மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும் எனக்கு வேண்டாம்: ஐந்தாம் கியரின் விகிதம் 0.85 என்பதால் எஞ்சின் 4.556இல் 2640 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று), 4.875இல் 2830 ஆகிவிடும்.

கண்டி வீதியின் கடுகண்ணாவை ஏற்றத்தில் இப்போது மூன்றாம் கியரிலேயே இழுக்கிறது. கொழும்பு நெரிசலில் கிளச்சுக்கும் நிம்மதி.

எதிர்பாராதது ஸ்பீடோமீட்டர். என் வண்டியில் அது கியர்பாக்ஸிலிருந்து ஓடுவதால், பெரிய டயரோடு உண்மையான 100க்கு 88 காட்டியது, இப்போது 98.

டிஃபைப் பூட்டும்போது பாஸ் (மெக்கானிக்) பல்லில் மஞ்சள் நிற பேஸ்ட் தடவிச் சுற்றிப் பார்த்தார். பற்கள் ஒன்றிலொன்று படும் தடம் பல்லின் ஓரத்தில் விழுந்ததால் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றி நடுவுக்குக் கொண்டுவந்தார். இதைச் செய்யாமல் பூட்ட விடாதீர்கள், ஊளைச் சத்தம் வரும். முதல் 800 கிலோமீட்டரில் டிஃப் ஒயிலையும் மாற்றிவிடுங்கள்.