கேபின் 1/25, சேசிஸ் 1/24: எங்கே வெட்டுவது?

வணக்கம் நண்பர்களே. 1932 ஃபோர்டு பிக்கப்பின் சிறு பிளாஸ்டிக் மாடல் ஒன்றை ஹாட் ராடாக (பழைய வண்டியை வேகத்துக்காக மாற்றியமைக்கும் பாணி) மாற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கேபினும் பின்தொட்டியும் 1/25 கிட்டிலிருந்து (அசலில் 25-ல் ஒரு பங்கு அளவுள்ள பாகத் தொகுப்பு) எடுத்தவை. சேசிஸ், அதாவது அடிச்சட்டம், வேறொரு 1/24 கிட்டுடையது. அதன் முன் அச்சு அத்தனை நேர்த்தி, விட்டுவிட மனம் வரவில்லை.

அசல் வண்டியின் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 106 அங்குலம். 1/25 அளவில் அது 107.7 மி.மீ., 1/24 அளவில் 112.2 மி.மீ. இந்த நாலரை மில்லிமீட்டர்தான் பாடாய்ப் படுத்துகிறது. கேபினையும் தொட்டியையும் பொருத்தினால் பின்சக்கரம் மட்கார்டு வளைவின் நடுவில் நிற்காமல் பின்னால் ஒதுங்கிவிடுகிறது.

சேசிஸின் இரு தண்டுகளையும் கேபினுக்கு அடியில் வெட்டிச் சுருக்கி, உள்பக்கம் ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) பட்டை வைத்து ஒட்டினால் தாங்குமா? நேராக வெட்டுவதா, படிபோல் வெட்டுவதா? தொட்டியை நீட்டலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. ஆனால் அதன் கச்சிதமான தோற்றமே போய்விடும். எனக்கு அதில் விருப்பமில்லை.

இன்னொரு சிக்கல். கேபின் தாழ்ந்து உட்காரட்டும் என்று தரையை வெட்டி 3 மி.மீ. இறக்கினேன். இப்போது பிளாட்ஹெட் வி8 (தட்டையான தலைப்பகுதியும் எட்டு சிலிண்டர்களும் கொண்ட) எஞ்சினின் பின்முனை கேபினின் முன்தகட்டில் இடிக்கிறது. தகட்டைக் குடைவதா, எஞ்சினை முன்னே தள்ளுவதா? தள்ளினால் ரேடியேட்டருக்கு இடமிருக்காது.

இப்படி இரண்டு அளவுகளைக் கலந்து கட்டியவர்கள் வழி சொல்லுங்கள். வெட்டிய இடத்தின் படம் இருந்தால் பேருதவியாக இருக்கும்.